27, 27, 27: மரீனா மச்சான்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை,
மார்ச் 2025

அன்புள்ள மரீனா மச்சான்களே, கேலரிக்குத் தவறாமல் வரும் அக்கா தங்கைகளே, அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்து நீலக் கொடி ஆட்டும் பொடியன்களே,

சீசன் முடிந்துவிட்டது. பதின்மூன்று அணிகள் ஆடிய இந்தியன் சூப்பர் லீக்கில் நம் சென்னையின் எஃப்.சி.க்குப் பதினொன்றாவது இடம். நமக்குக் கீழே ஹைதராபாத், அதற்கும் கீழே முகமதன், அவ்வளவுதான். மோகன் பகான் 56 புள்ளிகளோடு ஷீல்டை எப்போதோ உறுதி செய்துகொண்டுவிட்டது. பிளே-ஆஃபில் பெங்களூரும் மும்பையும், நார்த் ஈஸ்ட்டும் ஜாம்ஷெட்பூரும் மோதப்போகின்றன. நாம் வீட்டில் உட்கார்ந்து டி.வி.யில் பார்க்க வேண்டியதுதான்.

மேட்ச் முடிந்து பெரியமேட்டிலிருந்து சென்ட்ரல் பக்கம் நடக்கும் கூட்டத்தோடு நடந்தால் போதும், ஊர் என்ன நினைக்கிறது என்பது காதில் விழுந்துவிடும். “கோச்சை மாத்தணும்.” “ஃபாரின் பிளேயருங்க சரியில்ல.” “ஓனருக்கு அக்கறையே இல்லப்பா.” எல்லாம் நியாயமான ஆத்திரம்தான். எனக்கும் ஆத்திரம் உண்டு. ஆனால் பதினொன்றாவது இடத்தைப் பார்த்து எனக்கு அது வரவில்லை. வேறொரு எண்ணைப் பார்த்து வந்தது. அந்த எண்ணைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மடல்.

2022-23 சீசனில் நாம் எடுத்த புள்ளிகள் 27. 2023-24 சீசனில் 27. இந்த 2024-25 சீசனிலும் 27.

ஒரே விடை, மூன்று தடவை. முதல் ஆண்டு அதற்கு எட்டாவது இடம் கிடைத்தது. இரண்டாம் ஆண்டு ஆறாவது இடம். பிளே-ஆஃபுக்குப் போய்விட்டோம் என்று மேளம் அடித்தோம். மூன்றாம் ஆண்டு பதினொன்று. இப்போது தலையில் அடித்துக்கொள்கிறோம். அணி எடுத்த புள்ளி மாறவே இல்லை, மச்சான். மாறியது பக்கத்து வீட்டுக்காரர்களின் புள்ளி. போன வருடம் மற்றவர்கள் தடுமாறியதால் நாம் மேலே தெரிந்தோம். இந்த வருடம் அவர்கள் தடுமாறவில்லை, அதனால் கீழே தெரிகிறோம்.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். முதல் 27 வந்தது 20 மேட்ச்களில். அடுத்தது 22 மேட்ச்களில். இந்த ஆண்டு 24. மேட்ச் கூடக் கூட வரவு அப்படியே நிற்கிறது என்றால், ஒவ்வொரு ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்குகிறோம் என்றுதான் பொருள். ஒரு மேட்ச்சுக்கு 1.35 புள்ளி எடுத்த அணி, இப்போது 1.12-க்கு வந்து நிற்கிறது. ஆறாவது இடம் பிடித்த மும்பை எடுத்தது 36. நமக்கும் அவர்களுக்கும் இடையே ஒன்பது புள்ளி. அது துரதிர்ஷ்டக் கணக்கில் எழுதிக்கொள்ளும் இடைவெளி இல்லை.

“முகமதனிடம் கோட்டை விட்டோமே, அதுதான் காரணம்” என்று பலர் சொல்கிறார்கள். அதையும் பார்த்துவிடலாம். செப்டம்பர் 26 அன்று, புதிதாக லீக்குக்கு வந்த முகமதன் நம் மைதானத்துக்கு வந்து 1-0 என்று ஜெயித்துவிட்டுப் போனது. ஐ.எஸ்.எல்.லில் அவர்கள் பெற்ற முதல் வெற்றியே அதுதான். சீசன் முழுக்க அவர்கள் ஜெயித்தது இரண்டே மேட்ச். அதில் ஒன்றை நாம் தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுத்தோம். ஜனவரியில் கொல்கத்தாவில் இன்னும் கொடுமை. இரண்டு கோல் முன்னிலையோடு தொண்ணூறு நிமிடத்தைத் தாண்டிவிட்டோம். இன்ஜுரி டைமில் இரண்டு கோலையும் திருப்பி வாங்கிக்கொண்டு 2-2 என்று முடித்தோம். அவர்கள் ஆண்டு முழுக்கச் சேர்த்தது 13 புள்ளி. அதில் நான்கு நம் கையிலிருந்து போனது.

சரி, அந்த இரண்டு மேட்ச்சையும் நாமே ஜெயித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குப் பதில் ஆறு புள்ளி கிடைத்திருக்கும். மொத்தம் 32. அப்போதும் ஏழாவது இடத்திலிருந்த ஒடிசாவின் 33-ஐக்கூட எட்டியிருக்க மாட்டோம். ஆகவே ஒரு மேட்ச்சையோ, ஒரு தவறையோ, ஒரு ரெஃப்ரியையோ காட்டித் தப்பிக்க வழியில்லை.

இந்த அணிக்கு ஆடத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. அதுதான் கூடுதலாக எரிச்சல் தருகிறது. முதல் மேட்ச்சிலேயே புவனேஸ்வரத்தில் ஒடிசாவிடம் பின்தங்கி நின்றவர்கள், இடைவேளைக்குப் பிறகு ஃபாரூக் சௌதரி சில நிமிட இடைவெளியில் அடித்த இரண்டு கோல்களால் எழுந்து 3-2 என்று ஜெயித்தார்கள். அந்த ஆட்டத்தின் பலனாக ஃபாரூக் இந்திய அணிக்குப் போய், அக்டோபரில் வியட்நாமுக்கு எதிராகக் கோலும் போட்டார். நார்த் ஈஸ்ட்டின் ஊருக்கே போய் 3-2 ஜெயித்தோம். இன்று அவர்கள் நான்காவது இடத்தில் இருக்கிறார்கள். ஜாம்ஷெட்பூரை அவர்கள் வீட்டில் 5-1, நம் வீட்டில் 5-2. இரண்டு மேட்ச்சில் பத்து கோல் வாங்கிய ஜாம்ஷெட்பூர் 38 புள்ளியோடு ஐந்தாவது. பத்து கோல் போட்ட நாம் பதினொன்றாவது. கானர் ஷீல்ட்ஸ் இந்த லீக்கிலேயே அதிக கோல் வாய்ப்புகளை உருவாக்கியவர். அந்த ஸ்காட்லாந்துக்காரர் வலது ஓரத்தில் பந்தை வாங்கி, தலையைத் தூக்கிப் பார்த்து, பாக்ஸுக்குள் வளைத்துப் போடுவார். போய்ச் சேரும் இடத்தில் ஆள் இருக்க மாட்டான். இருந்தாலும் ஒரு நொடி பிந்தி வருவான். எத்தனை தடவை நாம் கையைத் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்!

பெரிய அணிகளை அவர்கள் ஊரில் அடிப்போம். சின்ன அணிகளிடம் நம் ஊரில் அடி வாங்குவோம். இந்த சீசனின் ஜாதகம் இதுதான். செப்டம்பரில் தொடங்கிய லீக்கில் நம் மைதானத்தில் நாம் பெற்ற முதல் வெற்றி டிசம்பர் 11 அன்று, ஹைதராபாத்துக்கு எதிராக, இர்ஃபான் யாத்வாட் போட்ட ஒரே கோலில். அதற்குள் வெளியூரில் மூன்று மேட்ச் ஜெயித்தாகிவிட்டது. டிசம்பரில் நம்மிடம் வந்து 2-0 என்று ஜெயித்த ஈஸ்ட் பெங்காலை, பிப்ரவரியில் கொல்கத்தாவுக்கே போய் 3-0 என்று திருப்பி அடித்தோம். வெளியே போனால் எதிரணி தாக்க வரும், பின்னால் இடம் திறக்கும், நம் வேகமான பையன்கள் ஓடுவார்கள். நம் வீட்டுக்கு வருகிறவன் பத்துப் பேரையும் பின்னால் நிறுத்திக் கதவைச் சாத்திவிடுவான். சாத்திய கதவைத் திறக்கும் வித்தை நம்மிடம் இல்லை. இதைச் சொல்ல லைசென்ஸ் வாங்கிய கோச்சாக இருக்க வேண்டியதில்லை. பி ஸ்டாண்டில் சுண்டல் விற்பவருக்கும் தெரியும்.

ஜனவரி 30-ஐ மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். கேரளா பிளாஸ்டர்ஸ் வந்த நாள். நேரு ஸ்டேடியத்துக்கு மஞ்சள் சட்டைக்காரர்கள் திரளாக வருவது ஆண்டுதோறும் நடப்பதுதான். நவம்பரில் கொச்சியில் 3-0 என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் நாம். பதில் சொல்ல வேண்டிய நாள் அது. மூன்றாவது நிமிடத்திலேயே ஹெசூஸ் ஹிமெனெஸ் கோல் போட்டுவிட்டார். அப்போதும் பரவாயில்லை, நேரம் இருக்கிறது. 37-வது நிமிடத்தில் வில்மர் ஜோர்டன் கில் ரெட் கார்டு வாங்கினார். கோல் போட வேண்டிய ஆள், ஒரு கோல் பின்தங்கிய நிலையில், அணியைப் பத்துப் பேராக்கிவிட்டு இறங்கிப் போனார். இடைவேளைக்கு முன்பே இன்னொரு கோல், பிறகு மூன்றாவது. கடைசியில் வின்சி பரெட்டோ ஒன்று போட்டு 1-3 ஆக்கினார். மூன்றாவது கோல் விழுந்தபோது நம் பக்கத்து மேளமும் ஓய்ந்தது. தடகள ஓடுபாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மலையாளப் பாட்டு மட்டும் தெளிவாகக் கேட்டது. தோற்றதைவிட அந்த அமைதிதான் என்னை உறுத்தியது.

இனி கோச் விஷயம். ஓவன் கோய்லைப் பற்றிப் பேசும்போது 2019-20-ஐ மறக்க முடியாது. பாதி சீசனில், அடியில் கிடந்த அணியைக் கையில் எடுத்து ஃபைனல் வரை கொண்டுபோனவர் அவர். ஃபட்டோர்டாவில், ஆளில்லாத ஸ்டேடியத்தில் ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றோம் என்றாலும், அந்த மூன்று மாதம் நாம் பார்த்த ஆட்டம் பொய்யில்லை. அவர் போன பிறகு என்ன நடந்தது? 2020-21-இல் சாபா லாஸ்லோ: எட்டாவது இடம். 2021-22-இல் போஜிதார் பண்டோவிச் வந்தார், பாதியில் போனார், நம் சபீர் பாஷா வந்து மிச்சத்தை முடித்துவைத்தார்: எட்டாவது இடம். 2022-23-இல் தாமஸ் ப்ரடாரிச்: எட்டாவது இடம். மூன்று ஆண்டு, நான்கு கோச், ஒரே இடம். பிறகு மறுபடி கோய்ல்: 27, 27. கோச்சை மாற்றுவதால் எல்லாம் மாறிவிடும் என்றால், எப்போதோ மாறியிருக்க வேண்டும். அவர் இருக்கட்டும் என்றோ போகட்டும் என்றோ நான் சொல்ல வரவில்லை. ஆளை மாற்றிவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவோமோ என்பதுதான் என் பயம்.

ஏனென்றால் நம் லீக்கில் தோல்விக்குத் தண்டனை கிடையாது. ரெலிகேஷன் இல்லை. இங்கிலாந்திலோ ஸ்பெயினிலோ அடியில் முடித்தவன் அடுத்த ஆண்டு கீழ் லீக்கில் ஆட வேண்டும். வருமானம் போகும், ஆட்டக்காரர்கள் போவார்கள், முதலாளிக்குத் தூக்கம் போகும். ஏப்ரல் மாதம் அங்கே எட்டு அணிகள் நடுங்கிக்கொண்டு ஆடும். இங்கே? போன ஆண்டு ஹைதராபாத் வெறும் 8 புள்ளியோடு கடைசியில் முடித்தது. இந்த ஆண்டும் அதே லீக்கில் ஆடியது. இந்த ஆண்டு நாம் பதினொன்று. ஐந்தாவதாக வந்திருந்தாலும் அடுத்த சீசனில் இதே லீக், பதின்மூன்றாவதாக வந்திருந்தாலும் இதே லீக்.

இந்தப் பாடம் நமக்குப் புதிதில்லை. கோப்பைகளை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். 2015-இல் வெள்ளத்தால் அரையிறுதியை புனேயில் ஆடிவிட்டு, ஃபைனலில் கோவாவை அவர்கள் மண்ணிலேயே கடைசி நிமிடங்களில் கவிழ்த்து முதல் நட்சத்திரம் வாங்கினோம். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரில், சுனில் சேத்ரி முதல் கோல் போட்ட பிறகும், மைல்சன் ஆல்வெஸ் தலையால் இரண்டு, ரஃபேல் அகுஸ்டோ ஒன்று என்று 3-2 அடித்து இரண்டாவது நட்சத்திரம். அடுத்த சீசனில், அந்தக் கோப்பையை வாங்கித் தந்த ஜான் கிரகரியே கோச்சாக இருக்க, அதே அணியின் பெரும்பகுதி ஆட, நடப்பு சாம்பியன் என்ன ஆனது? 18 மேட்ச், இரண்டு வெற்றி, மூன்று டிரா, பதின்மூன்று தோல்வி. 9 புள்ளி. கடைசி இடம். ஏ.எஃப்.சி. கோப்பையில் நம் ‘ஹோம்’ மேட்ச்சை அகமதாபாத்தில் ஆடினோம். அதற்கு அடுத்த ஆண்டு? அதே லீக்கில் ஃபைனல். தண்டனை இருந்திருந்தால் அந்த ஃபைனலே நமக்குக் கிடைத்திருக்காது. விதி நம்மைக் காப்பாற்றியது என்று சந்தோஷப்படுவதா, கெடுத்தது என்று வருத்தப்படுவதா, நீங்களே சொல்லுங்கள்.

அந்த 2018-19-ஐ இன்னும் கொஞ்சம் கிளற வேண்டும். நாம் அடியில் கிடந்த அதே சீசனில் தமிழ்நாட்டுக்கு இரண்டு தேசியக் கோப்பைகள் வந்தன. 2019 மார்ச் 9, கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். ஐ-லீக்கின் கடைசி நாள். ஒரே ஒரு புள்ளி பின்னால் ஈஸ்ட் பெங்கால். அவர்கள் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலத்தோடு ஆடுகிறார்கள். சென்னை சிட்டி எஃப்.சி. மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா பஞ்சாபிடம் கோல் வாங்குகிறது. இடைவேளை வரை 0-1. பிறகு பெத்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்கிறார்; டிஃபெண்டர் கௌரவ் போரா ஒன்று, இன்ஜுரி டைமில் மறுபடியும் ஒன்று. 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்துவிட்டது. ஆனாலும் 43-க்கு 42. சிங்கப்பூரிலிருந்து வந்த அக்பர் நவாஸ் கோச். ஸ்பெயினிலிருந்து வந்த நான்கைந்து பேர். கூடவே எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் என்று நம் மாநிலத்துப் பையன்கள். அதே ஆண்டு மே மாதம் சேது எஃப்.சி. பெண்கள் லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக் கோப்பையைத் தூக்கினார்கள்.

இப்போது கேளுங்கள். அன்று ஐ-லீக் சாம்பியனான சென்னை சிட்டி எங்கே? சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் பங்கு வாங்கியது, ஆசியப் போட்டிக்குப் போனது, 2020-21 சீசனுக்குப் பிறகு ஐ-லீக்கில் அந்தப் பெயரே இல்லை. அந்த 2018-19 ஐ.எஸ்.எல். சீசனில் நாம் பெற்ற இரண்டு வெற்றிகளில் ஒன்று புனே சிட்டிக்கு எதிராக. ஏழாவது இடத்தில் முடித்த புனே அந்த ஆண்டே மூடப்பட்டது. கடைசி இடத்தில் முடித்த நாம் இன்னும் இருக்கிறோம். இந்தியக் கால்பந்தில் ஒரு கிளப் வாழ்வதும் சாவதும் பாயிண்ட் டேபிளைப் பார்த்து நடப்பதில்லை. பணம் இருக்கும்வரை இருக்கும். பணம் போடுகிறவர் எழுந்து போனால் அடுத்த நாள் போர்டு கழற்றப்படும். சென்னை சிட்டி மறைந்தபோது பெரிதாகக் கேட்ட குரல் எதுவும் என் காதுக்கு எட்டவில்லை. பெயரில் சென்னை, ஆடியது கோயம்புத்தூரில். எந்த ஊர் அழுவது?

நான் சொல்ல வருவது இதுதான், மச்சான்களே. கீழே இறக்கிவிடும் விதி இல்லாத லீக்கில், கிளப்பிடம் கணக்குக் கேட்கும் ஒரே இடம் கேலரிதான். மற்ற நாடுகளில் லீக்கின் விதி செய்கிற வேலையை இங்கே நாம்தான் செய்தாக வேண்டும். ஆனால் பதினொன்று, ஆறு, எட்டு என்று இடத்தைப் பார்த்துக் கத்தினால், அடுத்த ஆண்டு மற்றவர்கள் சறுக்கி நாம் 27-லேயே ஆறாவதாக வந்ததும் வாயை மூடிக்கொள்வோம். போன வருடம் அதைத்தான் செய்தோம். எனவே எதைக் கேட்பது என்று முதலில் தெரிந்துகொள்வோம். என் பட்டியலில் நான்கு இருக்கின்றன.

முதலாவது, பேச்சு. சீசன் முடிந்ததும் கோச்சும் அணியை எடுப்பவர்களும் ரசிகர்கள் முன்னால் ஒரு மாலை உட்காரட்டும். என்ன குறி வைத்தீர்கள், எங்கே தவறியது, எந்த ஆட்டக்காரரை எதற்காக எடுத்தீர்கள், அடுத்து என்ன? சூப்பர்மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ் ரசிகர் குழுக்கள் இரண்டும் சேர்ந்து அழைத்தால் மறுப்பது கஷ்டம். அறிக்கை விட்டுவிட்டுப் போவது வேறு, முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது வேறு.

இரண்டாவது, நம் பையன்கள். ஸ்டார்ட்டிங் லெவன் வந்ததும் தமிழ்நாட்டுப் பெயர் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. வியாசர்பாடியில் வளர்ந்த தன்பால் கணேஷ் 2018 கோப்பை அணியின் நடுக்களத்தில் இருந்தவர். கன்னியாகுமரி மாவட்டத்தின் இரவிபுத்தன்துறைக் கடற்கரையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் வந்தார். சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராகப் போட்ட ஒற்றைக் கோலுக்கு ஈஸ்ட் பெங்கால்காரர்கள் இன்னும் கோயில் கட்டாத குறை. நம் ஊரில் விளைந்ததை வெளியூர்க்காரன் வாங்கிக் கொண்டாடுகிறான். நாம் சந்தையில் மிஞ்சியதை வாங்குகிறோம். இது இரக்கத்துக்காகக் கேட்கும் இட ஒதுக்கீடு இல்லை. முல்லை நகர் மைதானத்திலும் தூத்தூர் கடற்கரையிலும் ஆண்டு முழுக்க ஆள் வைத்துத் தேடுங்கள், வந்தவனுக்கு நிமிடங்கள் கொடுங்கள் என்கிறோம். ஒரு பையன் ஆடினால் ஒரு தெருவே டிக்கெட் வாங்கும். காலியாகக் கிடக்கும் கேலரிக்கு அதைவிட மலிவான மருந்து இல்லை.

மூன்றாவது, பெண்கள் அணி. ஒடிசா எஃப்.சி. பெண்கள் போன ஆண்டு மகளிர் லீக்கை வென்றார்கள். ஈஸ்ட் பெங்கால் பெண்கள் இந்த ஆண்டு முன்னணியில் இருக்கிறார்கள். சேது எஃப்.சி.யை உருவாக்கிய மாநிலத்தில், மாநிலத் தலைநகரின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டிருக்கும் கிளப்புக்கு ஒரு மகளிர் அணி இல்லை. தேசிய மகளிர் சாம்பியன்ஷிப்பை வென்ற மாநிலம் இது. ஆட்டக்காரிகள் இல்லை என்ற சாக்கு இங்கே செல்லாது.

நான்காவது, ஹோம் என்பது ஹோமாக வேண்டும். நாற்பதாயிரம் பேர் உட்காரும் ஸ்டேடியத்தில் அங்கங்கே சிதறி உட்கார்ந்தால், ஓடுபாதையைத் தாண்டிச் சத்தம் மைதானத்துக்குள் போவதே இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கும் நகரத்து லீக் அணிகளின் பையன்களுக்கும் ஒரு ஸ்டாண்டைத் திறந்துவிடுங்கள். எல்லோரையும் ஒரே பக்கம் சேர்த்து உட்காரவையுங்கள். எதிரணி கார்னர் எடுக்கும்போது அவன் காதில் நம் சத்தம் விழ வேண்டும். ஜெயிக்காத வீட்டில் ஆள் சேராது என்பது நிர்வாகத்தின் வாதமாக இருக்கலாம். ஆள் சேராத வீட்டில் ஜெயிப்பது கடினம் என்பதும் அதே அளவு உண்மை.

“காசு போடுகிறவர் அவர், கேள்வி கேட்க நாம் யார்?” என்று சிலர் கேட்பார்கள். பச்சனும் தோனியும் பங்குதாரர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பதினோரு ஆண்டாகக் கிளப்பை மூடாமல் நடத்தியதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்; புனேக்காரனைக் கேட்டால் அந்த நன்றியின் மதிப்புத் தெரியும். ஆனால் கிளப் அவர்களுடையதாக இருக்கலாம், பெயர் நம் ஊருடையது. அந்தப் பெயரைப் பயன்படுத்துகிற வரைக்கும் ஊர் கேட்கும்.

நமக்கும் கொஞ்சம் சொல்லிக்கொள்வோம். தோற்ற இரவில் இருபத்தோரு வயதுப் பையன் ஒருவனின் இன்ஸ்டாகிராமுக்குப் போய் அவன் அம்மாவை இழுப்பது கணக்குக் கேட்பதாகாது. மணிப்பூரிலிருந்தும் மிசோரத்திலிருந்தும் வந்து நம் ஊர் வெயிலில் ஓடுகிறவர்களை அவர்கள் முகத்தை வைத்துக் கிண்டல் செய்கிறவன் நம் ஸ்டாண்டுக்கே வேண்டாம். பக்கத்தில் இருப்பவன் அவனை அங்கேயே அடக்க வேண்டும். எண்பதாவது நிமிடத்தில் ‘டிராஃபிக்’ என்று எழுந்து போவதையும் நிறுத்துவோம். சனிக்கிழமை ராத்திரி மான்செஸ்டர் யுனைடெட் மேட்ச்சுக்குக் கண் விழித்திருக்கும் நண்பனை, ஒரு தடவையாவது பெரியமேட்டுக்கு இழுத்து வருவோம். அவன் அணியும் இந்த ஆண்டு டேபிளின் கீழ்ப்பாதியில்தான் கிடக்கிறது. நம் துக்கம் அவனுக்குப் புரியும்.

அடுத்த மாதம் புவனேஸ்வரத்தில் சூப்பர் கோப்பை இருக்கிறது. 2019-இல் லீக்கில் கடைசியாக வந்துவிட்டு, அதே புவனேஸ்வரத்தில் சூப்பர் கோப்பை ஃபைனல் வரை போய் கோவாவிடம் 2-1 என்று தோற்றவர்கள் நாம். இந்தத் தடவையும் அப்படி ஏதாவது நடக்கலாம். நடந்தால் கொண்டாடுவோம், நானும் விசில் அடிப்பேன். ஆனால் அந்தக் கொண்டாட்டத்தில் மேலே சொன்ன நான்கும் அடித்துப்போய்விடக் கூடாது.

அடுத்த சீசன் முடிந்ததும் முதலில் இடத்தைப் பார்க்காதீர்கள். எத்தனை மேட்ச்சுக்கு எத்தனை புள்ளி, நம் வீட்டில் எத்தனை வெற்றி, எத்தனை தமிழ்நாட்டுப் பையன்கள் எத்தனை நிமிடம் ஆடினார்கள், மகளிர் அணி வந்ததா, நிர்வாகம் நம் முன்னால் வந்து உட்கார்ந்ததா என்று பாருங்கள். இந்த ஐந்தில் மூன்றேனும் இந்த ஆண்டைவிட மேலே போயிருந்தால், பதினொன்றாவது இடத்தில் முடித்திருந்தாலும் நான் கை தட்டுவேன். எதுவும் நகராமல் ஆறாவது இடம் வந்திருந்தால், பிளே-ஆஃப் நடக்கும் அன்றும் இதே கேள்விகளோடு ஸ்டாண்டில் நிற்பேன். நீங்களும் வாருங்கள்.

அன்புடன்,
பி ஸ்டாண்டிலிருந்து உங்கள் மச்சான் ஒருவன்